தாடி கழன்ற வாரம்

தாடி அவ கையோட போய்டுச்சு.

பாலாத்து மணல்ல நான் மல்லாக்கக் கிடக்கிறேன். என் நெஞ்சு மேல பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு காலை வெச்சுக்கிட்டு நிக்குது. பேரு மீனு. குழந்தைங்களுக்கான ஒரு டி.வி. சண்டைத் தொடர்ல நடிக்க, அம்மாவைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ்ல இருந்து வர்ற பொண்ணு. அது என் தாடியைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுக்கணும், நான் வில்லனோட அடியாளா லட்சணமா அலறணும். அவ்ளோதான் காட்சி. ஆனா அன்னிக்கு வெயில்ல பசை இளகிப் போச்சு. கன்னம் திகுதிகுன்னு எரிய, கண்ணைத் திறந்து பார்த்தா முழுத் தாடியும் அது கையில தொங்குது.

மீனு தாடியைப் பார்த்துச்சு. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துச்சு. "அய்ய, அங்கிள் சின்ன வயசு போல இருக்கு"ன்னு அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சொல்லுச்சு.

கேமராக்காரர் உடம்பு குலுங்கச் சிரிக்கிறாரு, ஆனா கேமராவை நிறுத்தல. டைரக்டர் குடைக்கு அடியில உக்காந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு. லீவு நாளுன்னு வேடிக்கை பார்க்க வந்த ஆம்பூர் ஜனம் மொத்தமும் சிரிக்குது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரல. ஏன்னா குடியாத்தத்துல ஒரு குடும்பம், அந்தத் தொடர்ல வர்ற முகமூடி ஹீரோ நான்தான்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. நம்ப வெச்சவனும் நான்தான். அந்த வீட்டுப் பொண்ணைத்தான் எனக்குப் பேசியிருந்தாங்க. ஆடி கழிஞ்சதும் தட்டு மாத்தறதா பேச்சு.

தோல் வாங்க வந்தவங்க

ஷூ ஃபேக்டரில ஃபினிஷிங் செக்ஷன்ல இருந்தவன் எப்படி டி.வி.க்குப் போனேன்னு பலபேர் கேட்டு எழுதறாங்க. சிபாரிசா, சொந்தக்காரங்க யாராவது இருந்தாங்களான்னு ஒருத்தர் குத்தலா வேற கேட்டிருக்காரு. எனக்கு சிபாரிசு பண்ணது ஒரு மாட்டுத் தோலுங்க.

எண்பதுகள்ல, வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில ஆன்டெனா முளைக்க ஆரம்பிச்ச சமயம். மெட்ராஸ்ல ஒரு சின்ன கம்பெனிக்குக் குழந்தைங்க தொடர் ஒண்ணு எடுக்க சான்ஸ் கிடைச்சுது. பேரு 'கருஞ்சிறகு'. கறுப்புத் தோல் கோட்டும் முகமூடியும் போட்ட ஒருத்தன், மூணு சின்னப் பசங்களைப் பழக்கி, அவங்களை விட்டு கடத்தல்காரங்களை உதைக்க வைப்பான். அந்தக் கோட்டுக்குத் தோல் தேடி ஆம்பூர் வந்தவங்க கண்ணுல, எங்க ஃபேக்டரி ஆண்டு விழாவுல சிலம்பம் சுத்திக்கிட்டு இருந்த நான் பட்டேன். உயரம் சரியா இருக்கு, கோட்டும் சரியா இருக்கும்னு அங்கயே என்னை ஹீரோன்னு சொல்லிட்டாங்க. மூஞ்சியைப் பத்தி யாரும் பேசல. முகமூடிதானே.

இன்னொரு விஷயமும் அன்னிக்கே நடந்துச்சு. பாலைவனத்துக்கு எங்க போறதுன்னு டைரக்டர் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தாரு. பாலாத்தைக் காட்டினேன். தண்ணி இல்லாத ஆத்தைப் பார்த்து அப்படி சந்தோஷப்பட்ட மனுசனை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. வெளிப்புறக் காட்சி எல்லாமே அங்கதான்னு முடிவாச்சு.

அது எவ்ளோ பெரிய தப்புன்னு முதல் நாள் மத்தியானமே தெரிஞ்சுது. யூனிட்டுக்கு ஆம்பூர் பிரியாணி வரவழைச்சாங்க. சாப்பிட்டுட்டு டைரக்டர் உள்பட ஒருத்தரும் எழுந்திருக்கல. கேமராவுக்கும் பதிவு மெஷினுக்கும் நடுவுல ஓடற தடிமனான கேபிளை சுமக்கிற ஆளு, அதையே தலைக்கு வெச்சுத் தூங்கிட்டாரு. மறுநாள்ல இருந்து சாயந்திரம்தான் பிரியாணி, மத்தியானம் தயிர் சாதம்னு சட்டம் வந்துச்சு.

ரெண்டும் வலது கால்

நான் ஹீரோ ஆகப் போறேன்னு தெரிஞ்சதும் எங்க சாம்பிள் செக்ஷன் கஃபூர் பாய்க்குத் தலைகால் புரியல. "தோஸ்த், கோட்டு யார் வேணா தைக்கட்டும். பூட்ஸ் என் கையாலதான்"னாரு.

சாம்பிள் செக்ஷன்னா இன்னான்னு சொல்லிடறேன். வெளிநாட்டுக்காரனுக்குப் புது மாடல் அனுப்பறப்போ ஜோடியா அனுப்ப மாட்டாங்க. ஒத்தைக் கால்தான் போவும். எங்க ஃபேக்டரில அது எப்பவும் வலது கால். ஒரு ஷூ, ஒரு அட்டைப் பெட்டி, ஒரு சீட்டு. அவன் பார்த்து சரின்னு சொன்னப்புறம்தான் கீழ் செக்ஷன்ல ஜோடியா ஓடும். பாய் மேசையில இருந்த கட்டை அச்சு எல்லாமே வலது கால் அச்சுதான். பதினஞ்சு வருஷமா அந்த மனுசன் கை இடது காலைத் தொட்டதே இல்ல.

முதல் பூட்ஸை சாப்பாட்டு நேரத்துல செஞ்சாரு. போட்டுப் பார்த்தேன். காலோட பொறந்த மாதிரி இருந்துச்சு. வழக்கம்போல அட்டைப் பெட்டியில வெச்சு மூடி, சீட்டு ஒட்டிக் கொடுத்தாரு. அடுத்த வாரம் இன்னொரு பெட்டி வந்துச்சு. "போட்டுப் பாக்கிறியா?"ன்னாரு. "இன்னா பாய், ஒண்ணு சரியா இருந்தா இன்னொண்ணும் சரியாத்தான இருக்கும்"னு நான் பெரிய மனுசனாட்டம் சொல்லிட்டேன்.

ஷூட்டிங் அன்னிக்கு மணல்ல உக்காந்து ரெண்டு பெட்டியையும் திறக்கிறேன். ரெண்டும் வலது கால். பாய் வீட்டு ஜனத்தோட பத்தடி தள்ளி நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கும் அப்பதான் உறைச்சுது. தலையில கையை வெச்சுக்கிட்டு அப்படியே மணல்ல உக்காந்துட்டாரு.

"ரெடியாய்யா?"ன்னு டைரக்டர் கத்தறாரு. பூட்ஸ் சரியில்லன்னு முதல் நாளே சொன்னா வேற ஆளைப் பார்த்துடுவாங்கன்னு எனக்குப் பயம். வலது பூட்ஸை இடது காலுக்குள்ள திணிச்சுக்கிட்டேன். பாறை மேல இருந்து குதிச்சு, ஓடி வந்து, இடுப்புல கை வெச்சு நிக்கணும். குதிச்சேன். வலது காலு நேரா போச்சு. இடது காலு வலது பக்கம் போச்சு. நடுவுல நான் சுருண்டு, தோள்ல விழுந்து, ரெண்டு உருளு உருண்டு எழுந்து நின்னுட்டேன். கோட்டு முழுக்க மணலு.

டைரக்டர் குடையை விட்டு வெளியே வந்தாரு. "இன்னொரு வாட்டி விழு"ன்னாரு. விழுந்தேன். "இன்னும் ஒரு வாட்டி." விழுந்தேன். அப்புறம் என் தோள்ல கை போட்டு, "தம்பி, ஹீரோன்னா விழக்கூடாது. ஆனா இந்த மாதிரி விழற ஆளை விடவும் எனக்கு மனசு வரல. கடத்தல்காரனுக்கு ஒரு கையாளு இருக்கான், பேரு கட்டாரி. வாராவாரம் பசங்ககிட்ட உதை வாங்கணும். நீதான்"னாரு.

கோட்டு மெட்ராஸ்ல உடற்பயிற்சிக் கூடம் வெச்சிருந்த ஒருத்தருக்குப் போச்சு. எனக்குத் தாடி வந்துச்சு.

பாய் மேல எனக்குக் கோவம் இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. ஒரு ரெண்டு நாளு. அவரு என்னைப் பார்த்தா வேற செக்ஷன் வழியா சுத்திக்கிட்டுப் போவாரு. மூணாவது நாளு நானே போய் அவரு மேசையில டீயை வெச்சேன். போட்டுப் பார்க்காதவன் நான்தானே.

விழத் தெரிஞ்சவன்

அப்படி விழ எங்க கத்துக்கிட்டேன்னு டைரக்டர் கேட்டாரு. சர்க்கஸ்ல இருந்தியான்னாரு. நான் தோல் ஷாப்புல இருந்தேன்னேன். அவருக்குப் புரியல.

எழுபதுகள்ல எங்கப்பா தோல் பதனிடற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தாரு. ஊறின தோலைத் தொட்டியில இருந்து இழுத்து மேல போடணும். மத்தியானம் அவருக்கு சோறு எடுத்துட்டுப் போவேன். சுண்ணாம்புத் தண்ணியும் கொழுப்பும் சேர்ந்து அந்தத் தரை எப்பவும் வழவழன்னு இருக்கும். விழாத ஆளே கிடையாது. ஆனா ஒருத்தரும் தொட்டிக்குள்ள விழ மாட்டாங்க. காலு சறுக்கறது தெரிஞ்சதும் உடம்பைத் தளர்த்தி, தொட்டிக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சு, தோள்ல வாங்கி உருண்டுடுவாங்க. எழுந்து, விட்ட இடத்துல இருந்து பேச்சைத் தொடருவாங்க. சோத்துப் பானையோட நானும் எத்தனை வாட்டி விழுந்தேன்னு கணக்கில்ல. குழம்பு கொட்டினா மட்டும் திட்டு விழும்.

ஆனா தொடர்ல விழறது வேற மாதிரி பேஜாரு. குழந்தைங்க அடிக்கிறதுல நடிப்பே இருக்காது. பெரியவங்க கையை மூஞ்சிகிட்ட கொண்டாந்து நிறுத்துவாங்க. மீனு நிறுத்தாது. முழங்காலு மேல நிஜமா ஒரு உதை விட்டுட்டு, "அங்கிள், நீங்க லேட்டா விழறீங்க"ன்னு என்னையே திட்டும். அதோட அம்மாவும் "ஆமா சார், கொஞ்சம் சீக்கிரம் விழுந்துடுங்க. குழந்தைக்குக் காலு வலிக்குதுல்ல"ம்பாங்க.

முகமூடிக்குள்ள யாரு?

இப்ப குடியாத்தத்துக்கு வர்றேன்.

எங்கக்காவை அங்கதான் கொடுத்திருந்தோம். அவங்க தெருவுலயே லுங்கி நெசவு பண்ற முனிரத்தினம்னு ஒருத்தர். வீட்டுக்குள்ள ரெண்டு தறி. அவரு மூத்த பொண்ணு கஸ்தூரி. பூட்ஸோட பாலாத்துல முதல் நாள் விழறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பொண்ணு பார்க்கப் போனப்போ, "டி.வி.ல ஹீரோவா பண்றேன் மாமா"ன்னு சொன்னேன். அப்ப அது நிஜம்தான். எல்லாரும் வாயைப் பொளந்தாங்க. கஸ்தூரி மட்டும் நூல் சுத்தற ராட்டையை நிறுத்தாம, "அப்ப ஃபேக்டரி வேலை இன்னா ஆவறது?"ன்னு கேட்டா. லீவு நாள்ல மட்டும்தான் ஷூட்டிங்னு சொன்னதும் தலையாட்டினா. கெட்டிக்காரப் பொண்ணுன்னு அப்பவே பிடிச்சுப் போச்சு.

ஹீரோ வேஷம் போனதும் சொல்லியிருக்கணும். அடுத்த வாரம் சொல்லிக்கலாம், அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். தொடர் வேற ஓட ஆரம்பிச்சுடுச்சு. முகமூடிக்குள்ள யாருன்னு கடைசி வாரம்தான் காட்டறதா திட்டம், அதனால எழுத்து போடறப்போ ஹீரோ பேரே வராது. எனக்கோ நெஞ்சு வரைக்கும் தாடி, ஒரு கண்ணுல கறுப்புத் துணி. பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது.

முதல் வாரம் பார்த்துட்டு மாமா கேட்டாரு. "முகமூடி போட்டிருக்கிறது நீதான?"

"ஆமா மாமா."

"அந்தத் தாடிக்காரன் யாருப்பா? விழுந்து விழுந்து எழுந்திருக்கிறானே. தெருவே சிரிக்குது."

"யாரோ மெட்ராஸ்காரன் மாமா."

சொல்லிட்டேன். அவ்ளோ சுளுவா வந்துச்சு. திரும்பி வர்ற பஸ்ல எனக்கே என்னைப் பிடிக்கல. ஊரே பார்த்துச் சிரிச்ச அந்தத் தாடிக்காரனை நானே வேணாம்னு சொல்லிட்டேனேன்னு இருந்துச்சு.

வெட்டச் சொன்னேன்

இந்த லட்சணத்துலதான் தாடி கழன்றுச்சு.

மணலைக்கூடத் தட்டாம டைரக்டர்கிட்ட ஓடினேன். "சார், அதை வெட்டிட்டு இன்னொரு வாட்டி எடுத்துடலாம் சார்."

"வெட்டறதா? அதான்யா சீனே. உன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தியா? நூறு வாட்டி எடுத்தாலும் வராது."

"சார், என் கல்யாண விஷயம் சார்."

"ரொம்ப சந்தோஷம். பத்திரிகை அனுப்பு"ன்னுட்டு அவரு அடுத்த காட்சிக்குப் போய்ட்டாரு.

ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை காலையில அது வரும்னு சொன்னாங்க. அந்த ரெண்டு வாரமும் நான் சாப்பிட்ட சாப்பாடு உடம்புல ஒட்டல.

ஞாயித்துக்கிழமை

தொடர் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் உண்மையைச் சொல்லிடணும். அதுதான் என் திட்டம். முதல் பஸ்ஸைப் பிடிச்சு நேரத்தோட குடியாத்தம் போய்ட்டேன். ஆனா பஸ் ஸ்டாண்டுலயே மூணு டீ குடிச்சேன். மூணாவது டீயைக் குடிக்க முடியாம கீழே ஊத்தினேன். அதுக்குள்ள முக்கா மணி நேரம் போய்டுச்சு.

அந்தத் தெருவுல டி.வி. இருந்த வீடு மாமா வீடு ஒண்ணுதான். உள்ள நுழைஞ்சா தறிக்குழிகிட்ட வரைக்கும் பசங்க உக்காந்திருக்கு. எங்கக்காவும் வந்திருந்தா. "வாப்பா, நம்ம வீட்டுல உக்காந்து உன்னையே நீ பார்க்கப் போற"ன்னு மாமா என் கையைப் பிடிச்சு இழுத்தாரு. வீட்டுல இருந்த ஒரே நாற்காலியை டி.வி. பொட்டி பக்கத்துல போட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி என்னை உக்கார வெச்சாரு.

"மாமா, ஒரு விஷயம் பேசணும்."

"அப்புறம் பேசிக்கலாம்பா. ஆரம்பிக்கப் போவுது."

கறுப்புக் கோட்டு வந்ததும் அத்தனை தலையும் என் பக்கம் திரும்புச்சு. ஒரு பொடிசு என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துச்சு. நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் கட்டாரி வந்தான், உதை வாங்கினான், உருண்டான். மீனு நெஞ்சு மேல காலை வெச்சுச்சு. இழுத்துச்சு.

பொட்டி முழுக்க என் மூஞ்சி. வாயைப் பொளந்துக்கிட்டு, பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு.

பசங்க பொட்டியைப் பார்க்குது, என்னைப் பார்க்குது, மறுபடி பொட்டியைப் பார்க்குது. "தாடிக்காரரு இவருதான்டா"ன்னு ஒண்ணு சொல்ல, எல்லாம் கைதட்டிக் குதிக்க ஆரம்பிச்சுடுச்சு. அதுங்களுக்கு ஹீரோவை விட தாடிக்காரன் கிடைச்சதுல டபுள் சந்தோஷம்.

மாமா எழுந்து டி.வி.யை நிறுத்தினாரு. பசங்களை வீட்டுக்கு அனுப்பினாரு. கதவைச் சாத்தல, ஒருக்களிச்சு வெச்சாரு. எனக்கு எதிர்ல தரையில உக்காந்தாரு.

நான் எல்லாத்தையும் சொன்னேன். பூட்ஸ்ல இருந்து மெட்ராஸ்காரன் வரைக்கும். எங்கக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. "என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாடா சம்பத்து?"ன்னா.

மாமா கோவமாப் பேசல. அதுதான் எனக்கு ஜாஸ்தி பயமா இருந்துச்சு. "அடி வாங்கறது தொழிலு. அதுல ஒரு வெக்கமும் இல்ல. நானும் நாள் பூரா தறிக்குழிக்குள்ள காலை விட்டுக்கிட்டுதான் சோறு திங்கிறேன். பொய் சொன்னியே, அது இன்னா தொழிலு?"

நான் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில உக்காந்தேன்.

எங்கக்காவைப் பார்த்துச் சொன்னாரு. "தப்பா நினைக்காதம்மா. நாளைக்கு வேலை போனாலும் இவன் போச்சுன்னு சொல்ல மாட்டான். உடம்புக்கு ஒண்ணு வந்தாலும் சொல்ல மாட்டான். எம்பொண்ணு இவன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து எது நெஜம்னு தேடிக்கிட்டு இருக்கணுமா? தட்டு மாத்தற பேச்சை விட்டுடலாம்."

முடிஞ்சுதுன்னு எழுந்தேன். தறிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்த கஸ்தூரி அப்பதான் வாயைத் திறந்தா.

"விழறப்போ வலிக்குமா?"

இதை என்கிட்ட எல்லாரும் கேப்பாங்க. ஃபேக்டரில கேப்பாங்க, ஷூட்டிங் பார்க்க வர்றவங்க கேப்பாங்க. சேச்சே, எல்லாம் நடிப்புன்னு ஒரு பதிலு எப்பவும் ரெடியா வெச்சிருப்பேன். அன்னிக்கும் அது நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அவ என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அந்தப் பார்வைக்கு முன்னாடி அது வெளியே வரல.

"வலிக்கும். போன மாசத்துல இருந்து இடது தோளைத் தூக்க முடியல. சட்டை போடறதுக்கே கஷ்டம். டைரக்டர்கிட்ட சொன்னா தொடர்ல இருந்து எடுத்துடுவாங்கன்னு யாருக்கும் சொல்லல. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியல."

சொல்லி முடிக்கறதுக்குள்ள கண்ணு கலங்கிடுச்சு. அதை ஒருத்தர்கிட்ட சொன்னதே அப்பதான்.

கஸ்தூரி அவங்கப்பா பக்கம் திரும்பினா. "இப்ப பொய் சொல்லலைப்பா"ன்னா.

மாமா எழுந்து வந்து என் இடது கையைப் பிடிச்சு மெதுவா தூக்கினாரு. தோளுக்கு நேரா வர்றதுக்குள்ளயே நான் பல்லைக் கடிச்சேன். அவரு கையை இறக்கி விட்டாரு. ஆணியில மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு, "நட"ன்னாரு.

பஸ் ஸ்டாண்டுக்குத்தான்னு நினைச்சுக்கிட்டே பின்னாடி போனேன். ஆனா அவரு கடைத்தெருவைத் தாண்டி ஒரு சந்துல திரும்பி, எண்ணெய் வாசனை அடிக்கிற ஒரு கட்டு போடற வைத்தியர் வீட்டு முன்னாடி நின்னாரு.

வைத்தியர் என் சட்டையைக் கழட்டச் சொல்லி, தோளை அமுக்கிப் பார்த்தாரு. "நல்லா அடி வாங்கியிருக்கே. யாரு முனிரத்தினம் இது?"ன்னு கேட்டாரு.

"எங்க வீட்டு மாப்ள"ன்னாரு மாமா. "டி.வி.ல அடி வாங்கறாரு."